ஏழு பூட்டும் ஒரு தாழ்ப்பாளும்

மார்ச் 4

மருமகளே, எழுத்துலகின் எரிமலையே, என் தலையில் விழுந்த இடியே,

உன் புத்தகம் வந்து சேர்ந்தது. முதல் பக்கத்தில் ‘இந்தக் கதைகளை எனக்கு முதலில் சொன்ன பூட்டுக்கார மாமாவுக்கு’ என்று அச்சில் பார்த்ததும் என் நெஞ்சு விம்மியதில் சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்தன. ஒன்று எதிர்க்கடை வரை போய் விழுந்தது. மற்றது இன்னும் பறந்துகொண்டிருக்கிறது.

சும்மா இருப்பேனா? ஒரு கட்டுப் பிரதிகளை வரவழைத்தேன். சாவி செய்ய வந்தவர், பூட்டு வாங்க வந்தவர், வழி கேட்க நின்றவர், யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. தெரு முழுக்க என் புகழ். நான் மட்டும் அந்த முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. என் கதையை எனக்கே படித்துக் காட்ட ஆள் வேண்டுமா?

அங்கேதான் மோசம் போனேன். நாலு நாள் கழித்துத் தையற்கடை அம்மா தன் சாவியை வாங்க வந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, உங்க ராஜகுமாரி உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாளாமே?" என்றார்.

தாழ்ப்பாளா? எந்த ராஜகுமாரி? ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பிரித்தேன்.

நான் சொன்ன கதை என்ன? கொடுங்கோல் ராஜா தன் மகளைக் கோபுரத்தில் அடைத்து ஏழு பூட்டுப் போடுகிறான். ஒவ்வொரு பூட்டும் எருமை அளவு. ஒரு பூட்டுக்காரன் வருகிறான். பேரழகன். (யாருடைய ஜாடை என்று நான் சொல்வதில்லை. கேட்பவர்கள் என்னைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள்.) ஏழு பூட்டையும் திறக்கிறான். ராஜகுமாரி ஓடி வந்து காலில் விழுகிறாள். சுபம்.

நீ எழுதியிருப்பது என்ன? ஏழாவது பூட்டும் திறந்த பிறகு கதவு அசையவில்லை. உள்ளிருந்து அவளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள்! பூட்டுக்காரன் யானையை விட்டு முட்டுகிறான். ஏணி வைத்து விழுகிறான். கடைசியில் ஆடு ஓட்டிக்கொண்டு போகிற ஒருத்தி, "தட்டிப் பாத்தியா?" என்கிறாள். தட்டுகிறான். "நாளைக்கு வா" என்று உள்ளேயிருந்து குரல். அத்தோடு கதை முடிந்ததாம்!

இது போதாதென்று உன் அத்தையும் படித்தாள். அடுப்படியில் நின்றபடியே படித்தாள். அவள் சிரித்த சிரிப்பில் மேல்மாடிக்காரர் நிலநடுக்கம் என்று நினைத்துத் தலையணையோடு தெருவுக்கு வந்துவிட்டார். மறுநாள், கடைக்குப் பின்னால் நான் உடைந்த பூட்டுகளைக் கொட்டி வைத்திருக்கும் அறையைக் காலி செய்தாள். ஒரு நாற்காலியை உள்ளே போட்டாள். கதவின் உட்புறம் ஒரு தாழ்ப்பாள் அடித்தாள். அதை எங்கே வாங்கினாள் தெரியுமா? எதிர்க்கடைக்காரனிடம்! துருவிடம்! (அவனுக்கு நான் வைத்த பெயர் அதுதான். அவன் சரக்கைப் பார்த்தால் உனக்கே புரியும்.)

மதியச் சாப்பாடு முடிந்ததும் உள்ளே போகிறாள். டக். மாலை டீ வரை வெளியே வருவதில்லை. என் கண்ணாடி எங்கே என்று நான் யாரிடம் கேட்பேன்?

அடுத்த பதிப்பில் ராஜகுமாரி கதவைத் திறந்தாக வேண்டும். காலில் விழுவதைக்கூட விட்டுவிடுகிறேன். திறக்கட்டும்.

(போனில் ஏன் பேசவில்லை என்கிறாயா? நீ ‘சொல்லுங்க மாமா’ என்றதும் என் கோபம் இறங்கிவிடும். கடிதத்தில் இறங்காது.)

இப்படிக்கு,
ஈரேழு உலகப் பூட்டுகளின் ஏக சக்கரவர்த்தி,
உன் மாமா


மார்ச் 9

மாமாவுக்கு,

உங்கள் புகார் கிடைத்தது. குடிநீர் அலுவலகத்தில் புகார் மேசையில் உட்கார்ந்திருப்பவள் என்பதால் பழக்கதோஷத்தில் சுருக்கி எழுதிக்கொண்டேன். புகார்: வீட்டில் ஒரு கதவு மூடியிருக்கிறது. பாதிப்பு: அது திறந்திருக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் இதற்குப் பிரிவு கிடையாது.

உங்கள் கதையை நான் மாற்றினேன் என்பது உண்மைதான். ஆனால் முதல் சந்தேகம் உங்கள் கடையிலேயே வந்தது. நான் பாவாடை கட்டிய காலத்தில், நீங்கள் சாவிக்கு அரம் போட்டபடி இந்தக் கதையைச் சொல்லும்போது கேட்டேன்: "அவ உள்ள என்ன செஞ்சுக்கிட்டு இருந்தா மாமா?"

"அழுதுக்கிட்டு இருந்தா."

"அத்தனை வருஷமுமா?"

கொஞ்சம் யோசித்து, "நடுநடுவுல தலை சீவிக்கிட்டா" என்றீர்கள்.

அந்தச் சீப்பு இத்தனை வருடம் என் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது. உங்கள் கதையில் பூட்டுக்கெல்லாம் பெயர் உண்டு, குணம் உண்டு. ஐந்தாவது பூட்டு கோபக்காரப் பூட்டு. அவளுக்கு ஒரு வரி வசனம் இல்லை. நான் இரண்டு வார்த்தை கொடுத்தேன். "நாளைக்கு வா." அதற்கே இந்த ஆர்ப்பாட்டம்.

அடுத்த பதிப்பிலும் கதவு மூடியேதான் இருக்கும். கண்ணாடியைச் சட்டைப் பையில் பாருங்கள்.

மருமகள்


மார்ச் 15

இரக்கமில்லாதவளே,

கண்ணாடி சட்டைப் பையில் இல்லை. அது கிடக்கட்டும்.

நான் முற்றுகையில் இறங்கிவிட்டேன். உலகத்தில் நான் செய்த எந்தப் பூட்டுக்கும் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு குறுக்குவழி உண்டு. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு வெட்டு வைப்பேன். சாவியைத் தொலைத்துவிட்டுக் கண்ணீரோடு வருபவர்கள் முன்னால் ஒரு கம்பியை விட்டு, மந்திரம் போல ஏதோ முணுமுணுத்துத் திறப்பேன். கையெடுத்துக் கும்பிடுவார்கள். அடுத்தவன் செய்த பூட்டோ எனக்கு வெண்ணெய். ஆனால் இந்தத் தாழ்ப்பாளுக்குத் துவாரமே இல்லை! வாயே இல்லாதவனுடன் எப்படிச் சண்டை போடுவது?

முதல் நாள் கதவிடுக்கில் கம்பி விட்டேன். உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள். கம்பி போய்விட்டது. மறுநாள் காந்தம். அது கீலில் ஒட்டிக்கொண்டு இன்றுவரை வரவில்லை. அடுத்து தந்திரம். கதவருகில் நின்று "ஐயோ, தீ!" என்று கத்தினேன்.

"தண்ணி ஊத்துங்க" என்றாள், குரல்கூட உயராமல்.

"என் கண்ணாடியைக் காணோம்!"

"நெத்தியில இருக்கு."

மருமகளே, கதவு மூடியிருக்கிறது. சுவர் முக்கால் அடி. அவளுக்கு எப்படித் தெரிந்தது?

துரு இப்போது தன் கடையில் ஸ்டூலை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். வாடிக்கையாளர் வந்தால்கூட முதுகைக் காட்டியபடியே வியாபாரம் செய்கிறான். நேற்று, "என்ன சக்கரவர்த்தி, யானை வரலையா?" என்கிறான். அவனுக்கும் நான்தான் ஓசியில் புத்தகம் கொடுத்தேன்.

மானம் போகட்டும். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும். உள்ளே என்னதான் செய்கிறாள்? ஒரு சத்தமும் வருவதில்லை. பாட்டு இல்லை, பாத்திரம் இல்லை. சுரங்கம் தோண்டுகிறாளா? கள்ளநோட்டு அடிக்கிறாளா? எழுதியவள் நீ. உன் ராஜகுமாரி கோபுரத்துக்குள் என்ன செய்துகொண்டிருந்தாள்? அதை மட்டும் சொல்லிவிடு. யாரிடமும் சொல்ல மாட்டேன்.

முற்றுகைப் படையின் தளபதி, படை, சமையல்காரன் எல்லாமுமான
உன் மாமா


மார்ச் 20

மாமா,

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எழுதும்போது பேனா கதவு வரைக்கும்தான் போனது. உள்ளே போகலாமா என்று யோசித்தேன். என் வேலை இல்லை என்று தோன்றியது. வாசகர்களும் கேட்கிறார்கள். ஒருவர் ‘உள்ளே வேறு யாராவது இருந்தார்களா’ என்று நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தார். ஆண்தான்.

அத்தையிடமிருந்து ஒரே ஒரு கார்டு வந்தது: ‘கதை நல்லா இருந்துச்சு. யானை பாவம். அதை முட்ட விட்டிருக்க வேணாம்.’ அவ்வளவுதான்.

கம்பி விட்டீர்கள், காந்தம் வைத்தீர்கள், தீ வைக்காமலே தீ என்று கத்தினீர்கள். மாமா, தட்டிப் பார்த்தீர்களா?

மருமகள்


மார்ச் 27

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

தட்டலாம் என்றுதான் நினைத்தேன். கையைத் தூக்கிவிட்டேன். அப்போது துரு பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு வந்துவிட்டேன். என் வீட்டுக் கதவை நானே தட்டுவதாவது!

நிற்க. அந்தத் தாழ்ப்பாள் கழன்று விழுந்துவிட்டது. தானாகத்தான். துருவின் சரக்கு வேறெப்படி இருக்கும்?

உன் அத்தை உன்னைப் பார்க்கப் புறப்பட்டு வருகிறாள். உன்மேல் திடீரென்று பாசம். பெட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தால் கவலைப்படாதே. அவள் எப்போதும் அப்படித்தான் கட்டுவாள்.

மாமா


ஏப்ரல் 2

மாமா,

தானாகக் கழன்று விழுந்த தாழ்ப்பாள், தன் நான்கு ஸ்க்ரூவையும் தானே ஒரு சாசரில் வரிசையாக அடுக்கி வைத்ததாமே. அத்தை சொன்னார். பக்கத்தில் உங்கள் திருப்புளியும் படுத்திருந்ததாம். களைப்பாக இருந்திருக்கும்.

அத்தை சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து உள்ளே போயிருக்கிறீர்கள். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. ஆள் உள்ளே இல்லையென்றால் தாழ்ப்பாளும் இல்லை. இத்தனை நாள் முற்றுகையிட்ட தளபதி, கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, பார்த்துவிட்டு, போகிறபோக்கில் தாழ்ப்பாளையும் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

அத்தை அழவில்லை, திட்டவில்லை. ஒரே ஒரு தடவை சொன்னார்: "உள்ள வந்ததைக்கூட நான் பெருசா எடுத்துக்கல. பாத்துட்டுப் போயிருக்கலாம். தாழ்ப்பாளைக் கழட்டினாரு பாரு."

"எப்ப திரும்பிப் போறீங்க?" என்று கேட்டேன். "போறதுக்கு அங்க என்ன இருக்கு?" என்றார். விளையாட்டாகச் சொன்னது போல எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு விஷயம். என் வீடு என்பது ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அத்தை வந்த மறுநாள், நான் மதியம் எழுத உட்கார்ந்தேன். மே மாதம் அடுத்த புத்தகத்தைக் கொடுத்தாக வேண்டும்.

"கொஞ்ச நேரம் வெளிய இருக்கியா?" என்றார்.

"அத்தை, இது என் ரூம்."

"தெரியுமே. ‘நாளைக்கு வா’ன்னு நானா எழுதினேன்?"

இந்தக் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழ்வீட்டுக்காரர் மூன்று முறை என்னைத் தாண்டிப் போய்விட்டார், நான்காவது முறை, "சாவியைத் தொலைச்சிட்டீங்களாம்மா?" என்று அனுதாபத்தோடு கேட்டார்.

ஏதாவது செய்யுங்கள்.

மருமகள்


ஏப்ரல் 6

மருமகளே,

உன் அத்தை சாப்பிடுகிறாளா?

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நேற்று நானே டீ போட்டேன். மணம் எட்டு ஊருக்கு அடித்தது. துரு எட்டிப் பார்த்து, "கதவுக்கு பெயின்ட் அடிக்கிறீங்களா?" என்றான்.

நீ எழுதியதில் ஒரு வார்த்தையையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. இருந்தாலும் ஒரு பேச்சுக்கு, நான் உள்ளே போனதாகவே வைத்துக்கொள். என்ன பார்த்திருப்பேன்? ஒரு நாற்காலி. காலை நீட்டிக்கொள்ள என் பழைய சாவிப் பெட்டி. ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பின்சுவர், ஒரு குழாய், சுவர்மேல் தூங்கும் ஒரு பூனை. அவ்வளவுதான்! புதையல் இல்லை, சுரங்கம் இல்லை. இதற்காகவா ஒரு ராஜ்யமே கவிழ்ந்தது என்று எனக்கு ஆத்திரம் வந்திருக்கும். அந்த ஆத்திரத்தில் கை சும்மா இருக்காமல் போயிருக்கும். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

நேற்று மதியம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அப்படி என்னதான் சுகம் என்று தெரிய வேண்டாமா? உட்கார்ந்து முதுகு சாயவில்லை, "கடையில யாருங்க?" என்று ஒரு குரல். "யாருன்னு பாரு!" என்று கத்தினேன். பழக்கம். பார்க்க ஆளில்லை, நானே போனேன். வந்து உட்கார்ந்தேன். பால்காரர். பிறகு மேல்மாடிக்காரர், அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் நம் வீட்டில்தான் இருக்கிறதாம். இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியவே தெரியாது. பிறகு மோட்டாரை நிறுத்தச் சொல்லி அவரே. பிறகு யாரோ ஒருவருக்குச் சில்லறை. பிறகு தையற்கடை அம்மா, "அக்கா இல்லையா?" என்று மட்டும் கேட்க. ஒரு டீ ஆறுவதற்குள் நான் இமயமலை ஏறி இறங்கிய அளவு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பூனை ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. மரியாதையில்லாத பார்வை.

அடுத்த முறை உட்கார்ந்ததும் என் கை தானாகவே கதவின் பக்கம் போனது. அங்கே நான்கு ஓட்டைதான் இருந்தது.

அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது. கேட்கும்போது நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லாதே.

மாமா


ஏப்ரல் 11

மாமா,

நீங்கள் கேட்கச் சொல்லவில்லை என்று சொல்லித்தான் கேட்டேன். அத்தை சிரித்துவிட்டார்.

கேட்பதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. ஒரு கதை பாதியில் நிற்கிறது, என் தாள்களோ உள்ளே இருக்கின்றன. என் அறைக் கதவு முன்னால் நான் நிற்கிறேன். என்னிடம் சாவி இருக்கிறது. அத்தை கொக்கியைத் தவிர ஒன்றும் போடவில்லை, ஒரு தள்ளு தள்ளினால் போதும். தோளைக்கூடக் கதவில் வைத்துவிட்டேன் மாமா. புத்தக வெளியீட்டு மேடையில் மைக் பிடித்து, மூடிய கதவைத் தட்டத்தான் வேண்டும் என்று பேசிய அதே நான். அந்த நிமிடம் உங்கள்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி பத்திரமாக இருக்கிறது.

பிறகு தட்டினேன். "என்ன வேணும்?" என்றார். "என் பேப்பர் மட்டும்" என்றேன். கதவு கொஞ்சம் திறந்து, தாள்கள் வெளியே வந்தன. பின்னாலேயே ஒரு தலையணையும் வந்தது, படியில் போட்டு உட்கார.

இனி அத்தை சொன்னது, அப்படியே: "தாழ்ப்பாள் வேணும். எதிர்க்கடையிது வேணாம், அது ஆடுது. அவரையே செய்யச் சொல்லு. மாட்டுறது நான்."

எழுந்து போகப்போனவளைக் கூப்பிட்டு, "அவரோட குறுக்குவழி ஒண்ணும் அதுல இருக்கக் கூடாது. இருந்தா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

தெரிந்துவிடும் மாமா. நெற்றியில் இருந்த கண்ணாடியே தெரிந்ததே.

சீக்கிரம். என் முதுகு படிக்கட்டு வடிவத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

மருமகள்


ஏப்ரல் 29

மருமகளே, என் கீர்த்தியின் கொடிமரமே,

நடந்ததைக் கேள். அண்டசராசரமும் ஒரு நிமிடம் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி.

தாழ்ப்பாள்தானே, ஒரு பொழுதில் முடியும் என்று உட்கார்ந்தேன். நல்ல பித்தளை. அறுத்தேன், அரம் போட்டேன், கண்ணாடி போல இழைத்தேன். முடித்துக் கையில் எடுத்துப் பார்த்தால், அடியில் என் வெட்டு! நான் வைக்கவில்லை. கை வைத்திருக்கிறது. தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவது செய்தேன். அதிலும் இருந்தது, இன்னும் நைசாக. மூன்றாவதைச் செய்யும்போது என் வலது கையை ஒரு திருடனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். அப்படியும் கடைசி இழைப்பில் சுண்டுவிரல் போய் ஒரு கீறல் போட்டது. இத்தனை வருடத் தொழில் மருமகளே! வழி வைக்காமல் மூட எனக்குத் தெரியவே தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது.

துரு பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் தெருவைத் தாண்டி வந்தான். "சுண்டுவிரலைக் கட்டிக்கிட்டுச் செய்யுங்க" என்றான். கிண்டல் இல்லை. துணியும் அவனே கொண்டுவந்திருந்தான். கட்டிக்கொண்டு செய்தேன். வந்தது.

தாழ்ப்பாள் தயார் என்று சொல்லியனுப்பியதும் உன் அத்தை வந்து இறங்கினாள். பெட்டியைக்கூட வைக்காமல் கையை நீட்டினாள். கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் அடியைத் தடவினாள். கோட்டை வாசலில் தூக்குத்தண்டனைக் கைதி போல நான் நின்றேன்.

"திருப்புளி" என்றாள். கொடுத்தேன். உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். ஸ்க்ரூ ஏறும் சத்தம் கேட்டது. ஒரு ஸ்க்ரூ கோணலாக ஏறியது, சத்தத்திலேயே தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளே கழற்றி நேராக ஏற்றினாள்.

டக்.

நான் முயன்று பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அவள் அனுமதியோடுதான். கம்பி, தகடு, என் குலரகசியம் எல்லாம். முடியவில்லை! துருவும் வந்து முயன்றான், வியர்த்ததுதான் மிச்சம். என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே என்னால் திறக்க முடியாதது இது ஒன்றுதான். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது ஆர்டர் குவிகிறது. எல்லாம் உட்புறத் தாழ்ப்பாள். முதல் ஆர்டர் யாருடையது? துருவின் மனைவி! துரு இரண்டு நாளாகத் தன் கடையிலேயே சாப்பிடுகிறான்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மதியம் நான் தட்டினேன். தெரு பார்க்கத்தான் பார்த்தது. பார்க்கட்டும்.

"யாரு?"

"ஈரேழு உலகப் பூட்டுகளின்..."

மீதிப் பட்டத்தை விழுங்கிக்கொண்டேன்.

"நான்தான்" என்றேன்.

"என்ன வேணும்?"

கண்ணாடி நெற்றியில் இருந்தது. டீ குடித்தாகிவிட்டது. மோட்டார் ஸ்விட்ச் எங்கே என்று தெரியும். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

"ஒண்ணும் வேணாம்" என்றேன். "சும்மாதான்."

 பிறகு தாழ்ப்பாள் விலகியது.

"ஒண்ணும் வேணாமா? அப்ப வாங்க."

நாற்காலி அவளுக்கு. நான் சாவிப் பெட்டிமேல் உட்கார்ந்தேன். பூனையைப் பார்த்தோம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை மருமகளே! ஒரு யுகம் போனது. மலைகள் தேய்ந்தன, கடல்கள் வற்றின. (உன் அத்தை கணக்கில் அது இரண்டு நிமிடம்கூட இல்லையாம்.) பூனை கொட்டாவி விட்டது. அதற்குமேல் எந்த மனிதனால் சும்மா இருக்க முடியும்? "ஒரு ஊர்ல ஒரு பூனை இருந்துச்சாம்" என்று ஆரம்பித்தேன்.

"நாளைக்கு வாங்க" என்றாள்.

வெளியே வந்தேன். பின்னால் டக்.

என்ன சத்தம் மருமகளே! துளி ஆட்டமில்லை.

உன் மாமா